ஓடைப்பட்டிப் பெட்டிகள்

ஓடைப்பட்டி அழகர் வீட்டில் வந்து இறங்கிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஞானசிகாமணிக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்வார். உண்மையில் ஒன்றுதான். வயிற்றெரிச்சல்.

தேனி பஜாரில் மைக் செட் கடை வைத்திருந்தவர் அவர். வீரபாண்டித் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதிலிருந்து கல்யாண வீட்டு ரெக்கார்டு வரை அவர் கைதான். கடை மாடியில், அவரே தேக்குப் பலகையில் அடித்த ஆள் உயரப் பெட்டிகள் இரண்டு நின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஜாரில் பாதிப் பேர் பாட்டுக் கேட்க அங்கே வந்துவிடுவார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்தான் சொல்வார். பாட்டு முடிந்து அவர் வாயைத் திறக்கும்வரை யாரும் 'நல்லாருக்கு' என்று சொல்லக்கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். தேனியில் காது என்றால் ஞானசிகாமணி காது என்று பெயர்.

எண்பத்திரண்டாம் வருஷம் கோடையில் அந்தப் பெயருக்குக் கேடு வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த அழகரின் மச்சான், புத்தக அலமாரிக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு சின்ன ஸ்பீக்கர்களைக் கொடுத்துவிட்டுப் போனான். அழகர் திராட்சைக்காரர். கொடியைக் கவாத்து பண்ணத் தெரியும், மருந்தடிக்கத் தெரியும். சுருதியைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஜனம் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தது. ஞானசிகாமணியின் மாடியில் கூட்டம் வாராவாரம் கரைந்து, கடைசியில் பக்கத்துக் கடைத் தவசி ஒருவர்தான் மிஞ்சினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

திராட்சை வாங்க ஓடைப்பட்டி போன மனைவி ஞானபாக்கியமும் அழகர் வீட்டுக்கு ஒரு எட்டு போய் வந்தாள். சோறு போடும்போது சொன்னாள்.

"அந்தப் பொட்டிய நீங்க ஒருக்கா கேக்கணும். பாடுறவுக மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது."

"நம்ம பொட்டியில கேக்கலையாக்கும்?"

"நம்மளதுல தபேலா நெஞ்சுல இடிக்கும். அம்புட்டுத்தான்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அல்லவா சொல்கிறாள்?

அடுத்த வாரமே அழகர் ஒரு கூடைத் திராட்சையோடு கடைப்படி ஏறினார்.

"அண்ணே, ஒரு யோசனை சொல்லணும். மெதுவா வச்சா நல்லாப் பாடுது. கொஞ்சம் கூட்டுனா கரகரங்குது. மச்சான் குடுத்த ஆம்ப்ளிபயரு பத்து வாட்டுதான். எதை மாத்திப் போடலாம்? ஒங்கள விட்டா இங்கன யாருக்குத் தெரியும்?"

ஞானசிகாமணி கூடையிலிருந்து ஒரு திராட்சையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மைக் செட் தொழிலின் முதல் பாடம், சின்னக் குழாயைப் பெரிய ஆம்ப்ளிபயரில் மாட்டாதே, உள்ளே இருக்கும் யூனிட் கருகிப்போகும் என்பதுதான். அப்படித் திருவிழாக்களில் கருகிய யூனிட்டுகள் ஒரு சாக்கு நிறைய அவர் கடையில் கிடந்தன. சாக்கு ஞாபகத்துக்கு வந்ததும் மனசு குளுகுளு என்று ஆனது.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடி நானே செஞ்சது. பொட்டிக்கு அறுபது வாட்டு."

"அது ஒங்க மாடியில வச்சிருக்கதாச்சேண்ணே!"

"இருக்கட்டும்ப்பா. ஒன் பொட்டிக்குத் தகுந்தது அதுதான்."

அழகருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தும் ஞானசிகாமணி இளகவில்லை. பெட்டிகள் கருகட்டும். கருகியபின் ஆம்ப்ளிபயர் தன்னால் வீடு வந்து சேரும் என்று இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு போனபோது ஓடைப்பட்டி வீட்டில் நிற்க இடமில்லை. எல்லாம் அவர் மாடிக் கூட்டம்தான். பெண்கள் பக்கம் ஞானபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். பெட்டிகள் இரண்டும் சுவர் மாடத்துக்குள் முடங்கிக் கிடந்தன. அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

"இத யாருய்யா மாடத்துல திணிச்சது?" என்று வெளியே எடுத்து, திராட்சை அடுக்குகிற மரப்பெட்டிகளை அடுக்கி, உட்கார்ந்தவர்கள் காது உயரத்துக்கு, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வைத்தார். வைத்தபின்தான், கெடுக்க வந்தவனுக்கு இந்த அக்கறை எதற்கு என்று தோன்றியது. தொழில் புத்தி முந்திக்கொண்டது.

ஆம்ப்ளிபயரை மாட்டி, நாதஸ்வரக் கேசட் ஒன்றைப் போட்டார். சத்தத்தைக் கால்வாசி கூட்டினார். பிறகு பாதி. பிறகு முக்கால். கருகல் வாடை வரும் வரும் என்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

வாடை வரவில்லை. நாயனம்தான் வந்தது. இந்தப் பெட்டியிலிருந்தும் இல்லை, அந்தப் பெட்டியிலிருந்தும் இல்லை. நடுவில் காலண்டர் தொங்கிய சுவரோரம் ஆள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி வந்தது. தவிலில் குச்சி அடி தனியாக, விரலில் மாட்டிய கூட்டின் தட்டல் தனியாகக் கேட்டது. அடி விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றது. நீண்ட பிடி முடிந்து வாசிப்பவர் மூச்சை இழுத்தார். ஞானபாக்கியம் சொன்ன அதே மூச்சு.

பெட்டிகள் பத்து வாட்டுத் தீனி பத்தாமல்தான் இத்தனை நாள் கரகரத்திருக்கின்றன என்று அவருக்கு அப்போது விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. பாடுவது அவர் கையால் செய்த ஆம்ப்ளிபயர். மூன்று வருஷமாக அதன் குரலைத் தன் தேக்குப் பெட்டிகள் தின்று தீர்த்திருக்கின்றன. பெற்ற பிள்ளையின் பேச்சை அடுத்தவன் வீட்டில் வந்தல்லவா கேட்கிறோம்!

கேசட் நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கப்படி எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். 'சுமார்தான்' என்று ஒரு சொல் போதும், அடுத்த ஞாயிறு கூட்டம் தேனிக்குத் திரும்பிவிடும். அவர் உதடு அதற்குக் குவிந்தும் விட்டது.

அழகர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நாலு பேரு சொன்னாகண்ணே, நீங்க வயித்தெரிச்சல்ல கெடுத்துருவீகன்னு. அண்ணன் காது பொய் சொல்லாதுன்னு நான் சொல்லிட்டேன்."

ஞானபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனை அவளுக்குத் தெரியும்.

"நல்லாருக்கு," என்றார் ஞானசிகாமணி. சொல் பாதிதான் வெளியே வந்தது.

அது போதுமாக இருந்தது. வீடே கலகலத்தது. "என்னா பொட்டிய்யா!" என்றார்கள். ஆம்ப்ளிபயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த கேசட்டைக் கையில் எடுத்த அழகர், அவர் இன்னும் நிற்பதைப் பார்த்து, கூட்டத்தை விலக்கி நடுவில் இடம் காட்டினார்.

"அண்ணே, அங்கன ஒக்காருங்க. அங்கன இருந்து கேட்டாத்தான் நல்லாருக்கும்."

ஞானசிகாமணி போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.