பெரியப்பா வைத்த வியாதி

"குடல் இறக்கம்னு சொல்லிடலாம்," என்றார் பெரியப்பா.

முன்னறையில் அதுவரை அவர் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார். சோபாவில் அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மர நாற்காலியில் பாப்பாவின் தம்பி சின்னவன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்ற பாப்பாவுக்குத்தான் சுருக்கென்று வந்தது.

"பெரியப்பா, அம்மாவுக்குச் சினைப்பையில கேன்சர். குடல் எங்கயும் இறங்கல. அது பாட்டுக்கு அதோட இடத்துலதான் இருக்கு."

"மெதுவா, மெதுவா! நடு வீட்டுல நின்னுக்கிட்டு அந்த வார்த்தையெல்லாம் எதுக்கு?"

எந்த வார்த்தை என்று அவர் சொல்லவில்லை. இரண்டுமே அவர் வாயில் வராது. அரை மணி நேரமாக அவர் 'அது' என்றும் 'அந்த இடம்' என்றுமே பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் சோபாவையும் மின்விசிறியையும் தவிர மற்ற எல்லாரும் யாரோ ஒருத்தியின் அந்த இடத்திலிருந்து வந்தவர்கள்தான். ஆனாலும் அதன் பேரைச் சொல்ல ஆம்பளைகள் ஒருவருக்கும் நாக்கு புரளவில்லை.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் ஹைகோர்ட். அப்பாவின் அண்ணன் என்ற ஒரே தகுதியில் அந்த வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். மேல்முறையீடு கிடையாது. பாப்பாவின் கல்யாணம் மூன்றே வருடத்தில் முறிந்தபோதும் இதே சோபாவில்தான் தீர்ப்பு வந்தது: "மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்கார்னு சொல்லிடுவோம்." வெளிநாட்டு மாப்பிள்ளை நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தார். பாப்பா கண் பரிசோதனை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே ஒருமுறை கண்ணாடி மாற்ற வந்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வயதாகியும் அவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பாப்பாவின் பேச்சு அம்பலம் ஏறாது என்பதும் அந்தப் பேரிலேயே அடக்கம்.

"சின்னவனுக்குக் கல்யாணம் ரெண்டு மாசத்துல. பொண்ணு வீட்டுக்கு இது தெரிஞ்சா என்ன சொல்வாங்க? குடும்ப வியாதின்னு சொல்லி ஒதுங்கிடுவாங்க," என்றார் பெரியப்பா. "அதுவுமில்லாம, அவளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா. பொம்பளை மனசு."

தாங்கமாட்டாள் என்று அவர் சொன்ன பொம்பளை இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதிரே லாரி வரும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டர்களையும், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிக்கும் கல்லூரிப் பேராசிரியர்களையும் பக்கத்தில் உட்கார்ந்து உயிரோடு வீடு சேர்த்தவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் கிளட்ச் அக்கா. பெரியப்பாவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார். மூன்று தடவை தேர்வில் தோற்றார். அதை மட்டும் அவர் எந்தச் சபையிலும் சொல்வதில்லை.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன்தான். அண்ணனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசுவதற்கு மட்டும் அந்த உயிர் போதவில்லை. பாப்பாவோடு ரிப்போர்ட் வாங்கப் போனபோது, "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "நாங்களே சொல்லிடறோம்" என்று ஒப்புக்கொண்டு வந்தவரும் அவரேதான்.

வாசலில் கார் நின்றது. அம்மா சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். வந்தவள், எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்ன, யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"சேச்சே!" என்று எழுந்தார் பெரியப்பா. "உன் ரிப்போர்ட்தான் வந்திருக்கும்மா. குடல் இறக்கம். சின்ன ஆபரேஷன். பயப்பட ஒண்ணுமில்ல."

"குடல் இறக்கமா? நான் என்ன மூட்டையா தூக்கினேன்?" அம்மா பாப்பாவைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட நீதானே போன? அதானா?"

அப்பா பாப்பாவைப் பார்த்தார். பெரியப்பா பாப்பாவைப் பார்த்தார். சின்னவன் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான்.

"ஆமாம்மா," என்றாள் பாப்பா. சொன்ன கணமே தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் குடல் இறக்க மாநாடு தொடங்கியது. அக்கம்பக்கத்தில் யாருக்கெல்லாம் எந்தக் காலத்தில் குடல் இறங்கியதோ அவர்களெல்லாம் யோசனை சொல்ல வந்தார்கள். இருமக்கூடாது என்றார் ஒருவர். சிரிக்கவே கூடாது என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் சட்டையைத் தூக்கி, வேட்டியைக் கொஞ்சம் இறக்கி, தழும்பையே காட்டிவிட்டார். "தொட்டுப் பாருங்கம்மா, ஒண்ணுமே தெரியாது" என்றும் சொன்னார். அம்மா தொட்டுப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே போனது. சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஸ்டியரிங் வயிற்றில் இடித்ததால் அம்மா இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினாள். "இறங்கின குடல் இவ்வளவு இடத்தையா அடைச்சுக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள். பாப்பா பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். கடையில் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டுக் கண் நன்றாகத் தெரிவதாகச் சாதிக்கிறவர்களை அவள் ஒரு நொடியில் பிடித்துவிடுவாள். வீட்டில் அவளே அப்படித்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒப்புதல் படிவத்தைப் பெரியப்பா கீழே கவுண்டரிலேயே வாங்கி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 'குடும்பத் தலைவர்' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மூன்று ஆம்பளைகளும் டீ குடிக்கப் போனார்கள்.

அறையில் அம்மாவும் பாப்பாவும்தான். நர்ஸ் ஒருத்தி வந்து வயிற்றை மேலிருந்து கீழ்வரை துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ரெண்டு."

"போதும் போதும். கர்ப்பப்பை, ரெண்டு பக்கத்துச் சினைப்பை எல்லாமே எடுத்துடறாங்க இல்ல, அதான் கேட்டேன்."

அம்மா நர்ஸைப் பார்க்கவில்லை. நேராகப் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பாவின் முகத்தைப் பார்த்த நர்ஸுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. துடைத்தது பாதி, துடைக்காதது பாதியாக அவள் வெளியே நழுவிவிட்டாள்.

"குடல் இறங்கினா கர்ப்பப்பையை எதுக்குடி எடுக்கணும்? வழியை மறிச்சுக்கிட்டு நிக்குதா?"

பாப்பா அழுதாள். அழுகையினூடே எல்லாவற்றையும் சொன்னாள். சினைப்பையில் கட்டி, வயிற்றில் நீர், எவ்வளவு பரவியிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும், பிறகு கீமோ. ஒன்றையும் விடவில்லை.

"உங்களுக்கெல்லாம் எத்தனை நாளா தெரியும்?"

"பதினெட்டு நாளா."

"பதினெட்டு நாளா அந்தத் தபால்காரன் இடுப்பைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்டி நான்!" அம்மாவின் குரல் அறையைத் தாண்டிப் போனது. தலையணையை எடுத்து வீசினாள். அது பாப்பாவின் மேல் பட்டு விழுந்தது. இன்னொன்றையும் வீசியிருப்பாள், ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள்.

பிறகு கட்டிலில் சுருண்டுகொண்டாள். பாப்பா கட்டிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போயிடுவேனாடி?"

"தெரியலம்மா. டாக்டருக்கும் தெரியல. நிறைய பேரு பொழைச்சிருக்காங்கன்னாங்க."

"பயமா இருக்குடி." அம்மா அப்படிச் சொல்லிப் பாப்பா இதுவரை கேட்டதில்லை. "பதினெட்டு நாள் எனக்குன்னு இருந்துச்சு. அதை உங்க இஷ்டத்துக்கு நீங்க எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டீங்க. எனக்குப் பயப்படக்கூட நேரம் விடல. நாளைக்குக் காலைல ஆபரேஷன், இன்னைக்கு மத்தியானம் வந்து பயப்படச் சொன்னா எப்படிடி?"

இருவரும் வெகுநேரம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே அழுதார்கள். பிறகு அம்மா மூக்கைச் சிந்தினாள். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். "அந்த டாக்டரம்மாவை வரச்சொல்லு. நான் பேசணும். அதுவரைக்கும் என் வயித்துல யாரும் கைவைக்கக் கூடாது," என்றாள்.

டாக்டரம்மாவுக்கு முன்னால் பார்வையாளர் நேரம் வந்துவிட்டது. கூடவே சின்னவனின் வருங்கால மாமனாரான மரக்கடைக்காரர் மனைவியோடு பழப்பையும் கையுமாக வந்து சேர்ந்தார். பின்னாலேயே டீ குடிக்கப் போன மூவரும்.

மரக்கடைக்காரர் நலம் விசாரித்தார். தொண்டையைச் செருமினார். மனைவியைப் பார்த்தார். மறுபடி செருமினார்.

"தப்பா நினைக்கக்கூடாது. இந்தக் குடல் இறக்கம் ஆம்பளைங்களுக்குத்தான் அதிகமா வரும்னு விசாரிச்ச இடத்துல சொன்னாங்க. அம்மாவுக்கே வந்திருக்குன்னா, மாப்பிள்ளைக்கு... பொண்ணைப் பெத்தவன் பாருங்க, மனசு அடிச்சுக்குது. ஒரு டாக்டர்கிட்ட காட்டி, ஒண்ணும் இல்லைன்னு எழுதி வாங்கிக் குடுத்துட்டீங்கன்னா நிம்மதி. இல்லைன்னா கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி..."

சின்னவன் காதுவரை சிவந்து, இரண்டு கையாலும் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டான். பெரியப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஊரில் உள்ள அத்தனை வியாதிகளிலும் தேடிப் பிடித்து, மாப்பிள்ளையின் மேல் போய் உட்காரக்கூடிய ஒன்றையே அவர் பொறுக்கி எடுத்திருந்தார்.

"சம்பந்தி," என்றாள் அம்மா. "எனக்குக் குடல் இறக்கமே இல்ல. சினைப்பையில கேன்சர்."

மரக்கடைக்காரர் விழித்தார்.

"அப்போ... மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"அப்பாடா!" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார். "வயித்துல பாலை வார்த்தீங்க. பொம்பளைங்க சமாசாரம்தானா! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" மனைவி முழங்கையால் இடித்த பிறகு, "கடவுள் காப்பாத்துவார்" என்று சேர்த்துக்கொண்டார்.

பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்குப் பயந்துதான் பதினெட்டு நாள் ஒரு மனுஷியிடம் அவள் உயிரையே மறைத்தார்கள். பெரியப்பாவோ, கல்யாணம் தப்பித்தது என்ற திருப்தியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் டாக்டரம்மா வந்தார். குள்ளமான, அவசரமான பெண். அம்மா நேரடியாகக் கேட்டாள்: எதையெல்லாம் எடுப்பீர்கள், எடுத்த பிறகு என்ன, பிழைக்க எவ்வளவு வாய்ப்பு. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், "இது சில குடும்பங்கள்ல பரம்பரையா வரும்மா. உங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யறோம். அதுல இருந்தா பொண்ணும் பையனும் ரெண்டு பேருமே பார்த்துக்கணும்," என்றார்.

"பையனுமா?" மரக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "பொம்பளை சமாசாரம் பையனுக்கு எப்படிங்க?"

"அம்மாகிட்டருந்து பொண்ணு மட்டும்தான் பொறந்ததா? பையனுக்கும் போயிருக்கலாம், அவரு மூலமா அவரு பிள்ளைங்களுக்கும் போகலாம்."

அம்மா சிரித்தாள். வயிறு வலித்தது, இருந்தும் சிரித்தாள். மரக்கடைக்காரர் மனைவியை அழைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாக வெளியே போனார். பழப்பை கட்டிலடியில் இருந்தது.

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "கையெழுத்துதான் ஏற்கெனவே ஆச்சே," என்றாள்.

"அது அவரு வயித்துக்கு ஆச்சு," என்றாள் அம்மா. "எனக்குப் புதுசா ஒண்ணு கொண்டா."

புதுப் படிவம் நான்கு பக்கம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புது மாணவர்களைச் சாலை விதிகளைப் படிக்க வைக்கிற அதே குரலில் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தாள். கர்ப்பப்பை வந்தது. சினைப்பை வந்தது. சினைக்குழாய் வந்தது. பெரியப்பா முதல் பக்கத்தில் மின்விசிறியைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தில் செருப்பைப் பார்த்தார், மூன்றாம் பக்கத்தில் அறையில் அவர் இல்லை.

அம்மா கையெழுத்துப் போட்டாள். கீழே இன்னொரு இடம் இருந்தது: 'நோயாளிக்குப் பொறுப்பானவர்: கணவர் / தந்தை / மகன்.' அப்பா பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"பதினெட்டு நாள்ல ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டாள் அம்மா. அவருடைய கை அப்படியே நின்றது. "போய் உக்காருங்க. உங்ககிட்ட அப்புறம் பேசிக்கறேன். அதுக்காகவாவது நான் பொழைச்சு வருவேன்."

பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீயும் பொய் சொன்னவதான். ஆனா இன்னைக்குக் கேட்டப்போ எல்லாத்தையும் சொல்லிட்ட. வா, நீ போடு."

"மகள்னு இதுல இல்லைங்களே," என்றாள் நர்ஸ்.

அம்மா பேனாவை வாங்கி, கணவர், தந்தை, மகன் மூன்றின் மேலும் நீளமாக ஒரே கோடு இழுத்தாள். பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'மகள்' என்று எழுதினாள்.

"ஐயோ, அச்சடிச்ச ஃபார்ம்ல இப்படியெல்லாம் கோடு போடக் கூடாதும்மா!"

"நாளைக்குக் காலைல என் வயித்துல மேலருந்து கீழ வரைக்கும் கோடு போடப் போறீங்க. நான் ஒரு காகிதத்துல போடக் கூடாதா?"

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையசைத்தார். பாப்பா கட்டிலோரம் குனிந்து, தன் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.