மசோதாவை ஆதரித்து

இடைவேளைக்காரர் எழுந்து நின்று மைக்கைத் தன் வாய்க்கு நேராக வளைத்தார். அவ்வளவுதான், தொழுவத்தைத் திறந்துவிட்ட மாதிரி இரு பக்கத்து உறுப்பினர்களும் தேநீர் அறைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் எங்கள் அவையில் இருந்த ஒரே ஒற்றுமை அதுதான். அந்தப் பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். சபாநாயகருக்குக் கீழே சுருக்கெழுத்து மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் எழுந்து போக வழியில்லை. சம்பளம் வாங்குகிறேனே. அன்றைக்கு அவர் பேசியது மருந்து அட்டையில் அச்சடிக்கும் எழுத்தின் அளவைப் பற்றி. முதல் திருத்தத்தைப் பேசி முடித்தபோது அவையில் மிஞ்சியது சபாநாயகர், அவர், நான், ஒரு ஈ. இரண்டாவது திருத்தத்துக்கு வந்தபோது அந்த ஈயும் வெளிநடப்பு செய்துவிட்டது.

பேருந்துப் படியின் உயரம், பள்ளிப் பையின் எடை, பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது, இவைதாம் அவர் விவகாரங்கள். போர் வருமா வராதா என்று நாடே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த விவாதத்திலும் எழுந்து, பாதுகாப்புத் துறை அலுவலக வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை என்றார். அமைச்சர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் மைக்கில் கேட்டது. ஆனால் பேருந்துப் படி ஒரு சாண் இறங்கியது அவரால்தான். முழங்கால் வலிக்காரர்கள் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் டிரைவருக்குச் சொல்லிவிட்டு ஏறினார்கள்.

பேசிய பேச்சைத் தட்டச்சு செய்து அந்தந்த உறுப்பினரிடம் திருத்தக் கொடுப்போம். மொழியைத் திருத்தலாம், சொன்ன கருத்தை மாற்றக் கூடாது, அதுதான் விதி. மற்றவர்கள் மூன்று தும்மலும் ஒரு உளறலுமாகப் பேசியதைக் காவியமாக்கித் திருப்பி அனுப்புவார்கள். இவர் மட்டும் எங்கள் அறைக்கே வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தங்கச்சி, இங்க 'மிகவும் வேதனை'ன்னு சொல்லியிருக்கேன். மிகவுமை எடுத்துரு. அவ்வளவு இல்ல" என்பார்.

அவருடைய அளவுகோல் எல்லாம் ஒரே ஆள்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் மகன். நாற்பதைத் தொட்டவன், ஆனால் மனசு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது. படி ஏற அவன் பயப்படுவான், அதனால் படி இறங்கியது. தாழ்ப்பாள் போட அவனுக்குக் கை எட்டாமல் ஒருமுறை அழுதான், அதனால் தாழ்ப்பாளுக்கு ஒரு விவாதம். மனைவி போன பிறகு, வாய்க்கால் ஓரத்துச் சின்ன அரசு இல்லம் ஒன்றில் மகனைச் சேர்த்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் கண் பார்வை மங்கிய ஒருவன். இவன் அவனைப் 'பங்காளி' என்று கூப்பிடுவான். அவரோடு ஒருமுறை போயிருந்தேன்; சொத்துத் தகராறு இல்லாத பங்காளிகளை நான் பார்த்தது அங்கேதான். மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது, பங்காளி தடவிப் போட்டுவிடுவான். பங்காளிக்கு வழி தெரியாது, இவன் தோளைக் கொடுப்பான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள். அவை நேரலையை முதலிலிருந்து கடைசி வரை விரும்பிப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இந்த இருவர்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

அப்போதுதான் இல்லங்கள் ஒருங்கிணைப்பு மசோதா வந்தது. சின்னச் சின்ன இல்லங்களையெல்லாம் மூடிவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரே பெரிய கட்டடத்தில் எல்லாரையும் சேர்ப்பது. தேநீர் அறையில் நான் ஒரு பன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த மேசையில் ஆளுங்கட்சிக் கொறடா அம்மையார் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த அம்மா சிரித்தால் எதிரே இருப்பவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"அண்ணே, நமக்கு அவங்களைவிட ரெண்டு ஓட்டுதான் கூடுதல். நீங்க ஆதரிச்சுப் பேசுங்க. சொந்தப் பிள்ளைய அங்க வச்சிருக்கிறவரே சொல்றாருன்னா, எதிர்க்கட்சிக்காரன் வாயைத் திறக்க முடியாது."

"நான் பேசலைன்னா?"

"அப்பவும் பாஸாகும். கொஞ்சம் அசிங்கமா பாஸாகும்."

"இல்லத்தை மூடுறது மூடுறதுதானாம்மா?"

"அந்த எடத்தை வாங்குற ஆளே வந்து அளந்துட்டுப் போயாச்சு அண்ணே. நீங்க வேற."

அவர் சர்க்கரை போடாத தேநீரை வெகுநேரம் கலக்கினார். பிறகு, "அப்ப ஒண்ணு செய்ங்க. எம் பையனையும் அவன் பங்காளியையும் பிரிக்காதீங்க. ஒரே ரூம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்" என்றார்.

கொறடா அம்மையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவ்வளவுதானா? நான்கூட வாரியத் தலைவர் பதவி கேட்டுருவீங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? ஒரே ரூம்."

"நான் பொறுப்பு அண்ணே. போதுமா?"

ஆயுசு முழுக்க ஊருக்காகக் கேட்டவர் தனக்கென்று கேட்டது அந்த ஒன்றுதான். அதற்கு எழுத்தில் எதுவும் வாங்கிக்கொள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை.

விவாத நாளன்று எதிர்க்கட்சித் தலைவர் ஒரு வேலை செய்திருந்தார். வாய்க்கால் இல்லத்துக்காரர்கள் எல்லாருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்து, பார்வையாளர் மாடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். முன் வரிசையில் மகன், அவன் தோளில் கை வைத்தபடி பங்காளி. இடைவேளைக்காரர் எழுந்தார். அன்றைக்கு ஒருவர்கூடத் தேநீருக்குப் போகவில்லை. கூரையிலிருந்து ஊசி விழுந்தால் அதையும் நான் குறிப்பில் எழுதியிருப்பேன், அத்தனை அமைதி.

மசோதாவை ஆதரித்துப் பேசுவதாகச் சொன்னார். ஒரே கூரையின் கீழ் மருத்துவர், ஒரே கூரையின் கீழ் பயிற்சி என்று, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்தார். "என் சொந்தக் குடும்பத்தின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், இந்த மாற்றம் அவர்களுடைய நன்மைக்கு" என்று அவர் சொன்னதும் ஆளுங்கட்சி மேசைகள் அதிர்ந்தன. அந்தச் சத்தத்தில் மாடத்தில் மகன் துள்ளி எழுந்துவிட்டான். எங்கப்பா, எங்கப்பா என்று சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கைதட்டினான். எந்தப் பக்கம் பார்த்துத் தட்டுவது என்று தெரியாத பங்காளி, சுவரைப் பார்த்துத் தட்டினான். அவர்கள் வீட்டை மூடுவதற்கு அன்று விழுந்த கைதட்டலிலேயே சந்தோஷமான கைதட்டல் அதுதான். காவலர் அவர்களை நோக்கி நகர்ந்தார்.

மாடத்தை நோக்கி உறுப்பினர் பேசக் கூடாது என்பது விதி. அத்தனை வருடமும் ஒரு விதியைக்கூட மீறாத மனிதர், மைக்குக்கு மேலே முகத்தைத் தூக்கி, "உக்காருப்பா. அப்பா இன்னும் முடிக்கல" என்றார்.

சபாநாயகர் தொண்டையைச் செருமினார். மாடத்தை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன என்றார். நான் கோடு போட்டு அடித்தேன். மசோதா நிறைவேறியது.

சாயங்காலம் வழக்கம்போலத் திருத்த வந்தார். தாளில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"தங்கச்சி, இந்த 'நன்மைக்கு'ங்கிறத எடுக்க முடியுமா?"

"அது கருத்தை மாத்துற மாதிரி ஆயிரும் அண்ணே."

"ஆமா. மாத்துறதுதான்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "மத்தவங்க கேட்டா நானே விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மழைக்காலத்துக்குள் எல்லாரும் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். யாருக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை என்று தரம் பிரித்து, தளம் தளமாகப் போட்டார்கள். கண் சரியாகத் தெரியாத பங்காளி தரைத்தளம். நடமாடக்கூடிய மகன் மூன்றாம் தளம். இடைவேளைக்காரர் கொறடா அம்மையாரைத் தேடிப் போனால் அந்த அம்மா மீன்வளத்துறை அமைச்சராகியிருந்தார். "அண்ணே, மீனைப் பத்தி எது வேணா கேளுங்க, செஞ்சு தரேன். அது வேற துறை இல்லையா?" என்றாராம். கேட்ட எனக்கே ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தில் எழுந்தார். பல காலம் ஒரே அறையில் இருந்தவர்களைப் பிரித்தது ஏன், ஒருவன் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு திரிகிறான், இன்னொருவன் கட்டிலை விட்டே இறங்குவதில்லை, இது அமைச்சருக்குத் தெரியுமா என்று கேட்டார். பாதிப் பேர் தேநீருக்குப் போயிருந்தார்கள். சமூக நலத்துறை அமைச்சர் சின்னப் பையன், கெட்டவன் இல்லை, தயாரித்து வந்திருந்தான். அச்சடித்த அவைக்குறிப்பைப் பிரித்து, "மதிப்புக்குரிய உறுப்பினர் இதே அவையில் என்ன சொன்னார் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்" என்று தொடங்கி, 'என் சொந்தக் குடும்பத்தின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்' என்பதை, ஒரு புள்ளிகூட விடாமல் படித்தான். நான் ஒருமுறை எழுதியதை மறுபடியும் எழுதினேன்.

"துணைக் கேள்வி உண்டா?" என்றார் சபாநாயகர்.

"இல்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதற்கும் எழுந்து நான் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வரியா தங்கச்சி, பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். போனோம். கட்டடம் பளபளவென்று இருந்தது, தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். சாப்பாட்டுக்கூடத்தில் தளவாரியாகப் பந்தி. தரைத்தளத்தார் சாப்பிட்டு முடித்து ஒரு கதவு வழியாகப் போனதும் அது பூட்டப்படும். அதன் பிறகுதான் மூன்றாம் தளத்தாருக்கு எதிர்க் கதவு திறக்கும். நாங்கள் போனபோது திறந்தார்கள்.

மற்றவர்கள் தட்டெடுக்கப் போனார்கள். மகன் போகவில்லை. அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அவசர வேலை இருக்கிறவன் போல வரிசையின் முதல் நாற்காலிக்குப் போய், அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"என்னப்பா தேடுற?"

"பங்காளி சீட்டு. சூடா இருக்கும்."

அடுத்த நாற்காலியைத் தொட்டான். அடுத்ததை. இப்போதுதான் எல்லாரும் எழுந்து போயிருந்தார்கள். எல்லா நாற்காலியும் சூடாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றிலும் கையை வைத்து, தலையைச் சாய்த்து யோசித்து, இது இல்லை என்று நகர்ந்தான். இடைவேளைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எதிர் வரிசையின் முதல் நாற்காலிக்குப் போய்க் குனிந்து, தானும் உள்ளங்கையை வைத்தார்.