ஏழு பேருக்கு எத்தனை கோப்பை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது திருட்டுக் கதை. என் சிநேகிதன் ஒருவன் கைப்பட எழுதிய தாளிலிருந்து சுட்டது. "இதைக் கொஞ்சம் நீட்டா டைப் அடிச்சுக் குடுடா, நீதான் எழுதுறவனாச்சே" என்று ஸ்பெயினில் இருக்கும் லோக்ரோஞோவில் என் வீட்டு வாசலில் நின்று கொடுத்தான். நவம்பரின் முதல் சனிக்கிழமை நாங்கள் ஏழு பேர் போகவிருந்த ஒயின் சுவைப்புப் பயணத்தின் திட்டம் அது. காலை ஒன்பதுக்கு வேன். பத்துக்குப் பிரியோனெஸ் ஊரில் முதல் ஒயின் நிலவறை. பன்னிரண்டுக்கு சான் விசென்தேயில் இரண்டாவது. இரண்டரைக்குச் சாப்பாடு, திராட்சைக்கொடிச் சுள்ளியில் சுட்ட ஆட்டு விலா. சாப்பாடு முடிகிற நேரம் போடவில்லை. [சாப்பிட்டுவிட்டுப் பேச உட்கார்ந்தால் இந்த ஊரில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.] ஆறரைக்கு ஆரோவில் மூன்றாவது. கடைசி வரியில் 'கோப்பை' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, அதற்கப்புறம் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தான்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. பெயரை மாற்றினேன், தொழிலை மாற்றினேன். இனிமேல் அவன் எலாதியோ. லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தெட்டு.

முதல் தொடக்கம்: 'இலையுதிர்காலச் சூரியன் எப்ரோ நதியின் மேல் செம்மதுவை ஊற்றிக்கொண்டிருந்த அந்த'

வேண்டாம், கண்றாவி.

இரண்டாவது தொடக்கம்: 'எலாதியோ குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.'

இது போதும். உண்மையும்கூட.

2

ஏழு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே செட். (நான் மட்டும் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டவன்.) வருஷத்துக்கு ஒரு நாள் ஒயின் பயணம். அதை ஏற்பாடு செய்யும் முறை வயசு வரிசைப்படி சுற்றி வரும். முறையை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு வருஷம் ஒருத்தன் காலில் மாவுக்கட்டோடு வந்து எங்களை நிலவறைப் படிகளில் இறக்கினான். இந்த வருஷம் எலாதியோவின் முறை.

அவன் குடியை விட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆகஸ்டில், அவன் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பிரேக் சரிபார்த்த ஒரு லிஃப்ட், மாலையில் மூன்றாவது மாடியிலிருந்து அரை மாடி சறுக்கி நின்றது. உள்ளே காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தக்காளிதான் நசுங்கியது. எலாதியோ ஓடிப்போய் அவளை வெளியே தூக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதான். அன்று மதியச் சாப்பாட்டோடு அவன் ஒரு பாட்டில் முழுதாகக் குடித்திருந்தான்.

மறுநாள் டாக்டர் கேட்டார். "குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர்."

கூட வந்திருந்த மனைவி விசி, "ஒரு நாளைக்கு ஒன்றரை பாட்டில் ஒயின்" என்றாள்.

"அது குடியா? சாப்பாட்டோட சேந்ததுடி!" என்று எலாதியோ நிஜமாகவே கோபப்பட்டான். இந்த ரியோஹா ஒயின் சீமையில் பிறந்தவன் எவனும் இப்படித்தான் சொல்வான். டாக்டரும் உள்ளூர்க்காரர்தான், ஒரு நிமிஷம் யோசித்த பிறகுதான் எழுதிக்கொண்டார்.

3

குடியை விட்ட பிறகும் அவன் தினமும் எங்களோடு ஒயின் கடைகள் வரிசையாக இருக்கும் லௌரேல் தெருவுக்கு வந்தான். கடைக்கு ஒரு சின்னக் கோப்பை, அடுத்த கடை, அடுத்த கோப்பை. எங்களுக்கு ஒயின், அவனுக்குத் திராட்சைச் சாறு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. அங்கேதான் வினை. ஒருநாள் அவன் கழிவறைக்குப் போன நேரத்தில், எங்களில் மூத்தவனான கசாப்புக்கடை சாத்துர்னினோ அவனுடைய கோப்பையை எடுத்து மோந்து பார்த்தான்.

[எல்லாரும் அவனை 'சாத்துர்' என்று சுருக்கித்தான் கூப்பிடுவோம். தமிழில் வேகமாகச் சொன்னால் சாத்தூர் ஆகி, சேவு ஞாபகம் வந்து தொலைக்கிறது. அதனால் கதை முழுக்க முழுப்பெயர்தான்.]

வெறும் சாறுதான். சாத்துர்னினோ தலையாட்டினான், எல்லாருக்கும் மூச்சு வந்தது.

எலாதியோவுக்கு இந்த அக்டோபரில் இருந்த பயம் இரண்டு. பதினான்கு மாதமும் ஒரே மடக்கில் போய்விடக்கூடாது. இந்தக் கூட்டமும் தன்னைவிட்டுப் போய்விடக்கூடாது. ஒன்றைக் காப்பாற்ற நினைத்தால் இன்னொன்று கைநழுவும்போல இருந்தது. ஆனாலும் முறையை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

4

வழிகாட்டியை ஏற்பாடு செய்தான். நெரேயா என்ற பெண்; வேனும் அவளே ஓட்டுவாள், சுவைப்பும் அவளே நடத்துவாள். சமையலறை மேசையில் தாளை விரித்துக்கொண்டு அவளோடு போனில் பேசினான்.

"சுவைச்சுட்டுத் துப்புறதுக்குச் சாடி வேணுமாங்க?" என்றாள் நெரேயா.

"துப்புறதா? எங்க செட்டுல எவனாவது துப்பினா அவனை வயல்லயே எறக்கி விட்டுட்டு வந்துருவோம்."

அவள் சிரித்தாள். "சரி, கோப்பை எத்தனை? நான் ஓட்டுறதால எனக்கு வேண்டாம். ஏழு போட்டுக்கட்டுமா?"

எலாதியோ தாளின் கடைசி வரியைப் பார்த்தான். "நாளைக்குச் சொல்றேம்மா."

எதிரே விசி, சுட்ட சிவப்பு மிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். பாட்டில்களில் அடைக்க வேண்டியது இன்னும் ஒரு கூடை இருந்தது. "ஆறுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஆறுன்னா எனக்கு முன்னால மட்டும் வெறும் மேசை. அந்தப் பொண்ணு ஏன்னு கேக்கும். அவனுங்க ஆளாளுக்குத் தொண்டையைக் கனைப்பானுங்க."

"அப்போ ஏழு."

"ஏழுன்னா அன்னிக்கு நீ வீட்டுல நிம்மதியா இருப்பியா?"

"இருக்க மாட்டேன். ஆனா உன்னைப் போகாதேன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள் விசி.

[இங்கே விசி கொஞ்சம் அதிகமாகவே பக்குவப்பட்டுவிட்டாள் என்று சந்தேகம். நிஜ விசி சொன்னது வேறு: "என்னமோ பண்ணித் தொலை, எனக்கு மிளகா வேலை கிடக்கு." அதுதான் நன்றாக இருக்கிறது. இரண்டையும் விட்டுவைக்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.]

5

இரண்டு நாள் கழித்து நெரேயாவே கூப்பிட்டாள். "பயணத்தை மாத்திட்டீங்களாமே? மடாலயமும் ஆத்து மீன் சாப்பாடும்னு உங்க கசாப்புக்கடை பிரண்டு போன் பண்ணிச் சொன்னாரு."

எலாதியோ போனை வைத்துவிட்டு நேரே கசாப்புக்கடைக்குப் போனான். சாத்துர்னினோ ஒரு பெண்மணிக்குத் தொடைக்கறி வெட்டிக்கொண்டிருந்தான்.

"மடாலயமா? ஏன்டா, எனக்குப் பாவமன்னிப்பு வாங்கித் தரப் போறியா?"

"கத்தாத மச்சான். ஆள் நிக்குறாங்க."

"நிக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். இது என் முறை. நாப்பது வருஷமா எவனாவது எவன் முறையிலயாவது கை வெச்சிருக்கானா?"

"எல்லாரும் பேசித்தான்டா முடிவு பண்ணோம். உன் நல்லதுக்கு."

"என்னை விட்டுட்டு எல்லாரும் பேசினீங்களா? ரொம்ப சந்தோஷம்." அவன் கவுண்டரில் கையை ஊன்றினான். "ஒயினைத்தான்டா விட்டேன். உங்களையும் விடணும்னு எவன் சொன்னான்?"

சாத்துர்னினோ கத்தியைக் கீழே வைத்தான். கையை ஏப்ரனில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். "பயமா இருக்குடா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரோடடா சண்டை போடுறது?"

தொடைக்கறிக்குக் காத்திருந்த பெண்மணி, "நீங்க பேசிட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஆர்வமாக நின்றாள்.

சாத்துர்னினோ அங்கேயே நெரேயாவுக்குப் போன் போட்டு மடாலயத்தை ரத்து செய்தான். மூன்று நிலவறைகளும் திரும்பி வந்தன. கோப்பைக் கணக்கு மட்டும் அப்படியே கிடந்தது.

6

இதுவரை எழுதிவிட்டு நான்கு நாள் இந்தக் கதையைத் தொடவில்லை. காரணம் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

கோப்பையை மோந்து பார்த்தது சாத்துர்னினோ இல்லை. நான்தான்.

சாத்துர்னினோ தலையில் போட்டது வசதியாக இருந்தது. முரட்டு ஆள், கசாப்புக்காரன், வாசகர்கள் உடனே நம்புவார்கள். நான் எழுதுகிறவன், மென்மையானவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. மூன்றாம் பகுதியைத் திருத்திவிடலாம். திருத்தாமல் விடுகிறேன், நான் எவ்வளவு சுலபமாகத் தப்பித்தேன் என்று நீங்களும் பார்க்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. ஏழு கோப்பை. இரண்டாவது நிலவறையில், வழிகாட்டி பீப்பாயிலிருந்து நேரே ஊற்றிய ஒயினை எலாதியோ குடித்துவிடுகிறான். வீட்டில் விசி மிளகாய்ப் பாட்டில்களைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டே [நன்றாக வந்திருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதனாலேயே எனக்கு நம்பிக்கையில்லை. ஒருத்தனை விழவைத்து அழுவது ரொம்பச் சுலபம்.]

இரண்டாவது முடிவு. ஆறு கோப்பை. எலாதியோ நெரேயாவிடமிருந்து சாவியை வாங்கி வேனைத் தானே ஓட்டுகிறான். நண்பர்கள் தோளில் தட்டுகிறார்கள். சுகாதாரத் துறைச் சுவரொட்டியில் போடலாம்.

மூன்றாவது முடிவு. ஏழு கோப்பை. எலாதியோ கோப்பையைச் சுழற்றுகிறான், மூக்கருகே கொண்டுபோகிறான். எந்த வருஷம், எந்தச் சரிவில் விளைந்த திராட்சை என்று வழிகாட்டியே அசந்துபோகும்படி சொல்லிவிட்டு, ததும்பும் கோப்பையை அப்படியே மேசையில் வைக்கிறான். வாசகர்கள் கைதட்டுவார்கள். அவன் கையின் நடுக்கத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த அரைப் பக்கத்தின் மேல் எனக்கு ரொம்பப் பெருமை.

எதை வைப்பது என்று தெரியாமல், கடைசியில் அவனிடமே போனேன்.

8

காலையில் காப்பிக்கடை. அவனுக்குத் தமிழ் தெரியாது. மூன்று முடிவுகளையும் ஸ்பானிய மொழியில் சொன்னேன். ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றபடி கேட்டான்.

"லிஃப்ட் மெக்கானிக்கா நானு? நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் மென்றான். "ஆனா ஒண்ணு கவனிச்சியா? மூணுலயும் நீ என் கையைத்தான்டா பாத்துக்கிட்டே இருக்க."

நான் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்தேன்.

"நான் எழுந்ததும் எல்லாரும் என் கோப்பையைப் பாக்குறீங்க. உக்காந்ததும் என் கையைப் பாக்குறீங்க. பேசும்போது மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்குறீங்க. அன்னிக்கு நீ மோந்து பாத்தியே, திரும்பி வரும்போது கவுண்டருக்குப் பின்னால இருக்குற கண்ணாடியில பாத்தேன்."

"மன்னிச்சிருடா."

"அதை விடு. பதினாலு மாசத்துல நிஜமாவே குடிக்கணும்னு எனக்கு வெறி வந்தது ஒரே ஒரு தடவை. அப்போதான். எப்படியும் இவனுங்க நம்பப் போறதில்ல, அப்புறம் எதுக்குடா இந்தப் பாடுன்னு தோணிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? உன் பக்கத்துல வந்து நின்னு சாறைக் குடிச்சேன். இனிச்சுது. சகிக்கல."

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைவிடக் கேவலமானவன் அந்தக் கடையில் அப்போது யாரும் இல்லை என்று தோன்றியது. இந்தக் கதையே அதே மோந்து பார்க்கிற வேலைதான். நாசூக்காக, பகுதி பகுதியாக எண் போட்டுச் செய்கிறேன், அவ்வளவுதான்.

எலாதியோ போனை எடுத்தான். "இரு, அந்தப் பொண்ணுகிட்ட கோப்பைக் கணக்கைச் சொல்லிடுறேன். ஹலோ, நெரேயாவா? ஆமாம்மா, எலாதியோதான். கோப்பை"

நான் எழுந்து கை கழுவப் போனேன். கை சுத்தமாகத்தான் இருந்தது. குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர் இரைச்சலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

9

இப்போது சனிக்கிழமை. பிரியோனெஸ், பத்தேகால். நிலவறைக்குள் குளிர் கொஞ்சம் தூக்கல்தான். சாத்துர்னினோ யாருக்கும் புரியாத ஒரு பழைய ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நெரேயா தட்டு நிறையக் கோப்பைகளைக் கொண்டுவந்து மேசையில் ஒவ்வொன்றாக வைக்கிறாள். கண்ணாடி மேசையில் படுகிற சத்தம் வரிசையாகக் கேட்கிறது. எண்ணாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எலாதியோவிடம் பேச்சுக் கொடுக்கிறேன். இந்த வருஷம் விசி எத்தனை பாட்டில் மிளகாய் அடைத்தாள் என்று கேட்கிறேன். அவன் சொல்லத் தொடங்குகிறான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகச் சவரம் செய்திருக்கிறான், காதோரம் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது. நெரேயா ஊற்றுகிறாள்.

இந்த முகத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அதனால் எழுதவும் முடியாது. நீங்கள் பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், மேசை உங்களுக்கு நேரேதான் இருக்கிறது, குனிந்தால் போதும். ஆனால் நீங்கள் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.