முன்னால் நிற்கிற சொல்

"கேன்னு சொன்னா என்ன கெட்டுப்போச்சு? நாக்குல சுளுவா வருது, அதையே..."

"சுளுவா வரும், காரியம் நடக்காது! மேன்னு சொல்லு. மே ஐ..."

"மே, மேன்னு கத்த நான் என்ன ஆடா? தொரை தழை ஒடிச்சுப் போடுவாரு!"

"போடட்டும், தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ!"

இரண்டு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்ததில், லயத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்த மைனா பறந்தே போய்விட்டது. முத்தம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நவமணிக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும்தான் முத்தம்மாவுக்குத் தன் புருஷன் கால் ஞாபகம் வந்தது. சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மலாயாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. முத்தம்மா அங்கே பால்மரம் சீவுகிறவள். புருஷன் மாயாண்டி மூன்று வாரமாகப் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலில் வந்த புண் எலும்பு வரை போய்விட்டது. வியாழக்கிழமை காலையில் முழங்காலோடு எடுத்துவிடப் போகிறார்கள் என்று நேற்று வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். இன்றைக்குச் செவ்வாய். நாளைக்கு ரயிலேறினால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் போய்விடலாம். கண்ணைத் திறந்து காலைத் தேடுகிறவனுக்குப் பக்கத்தில் ஒரு முகம் வேண்டாமா?

லீவு கேட்டாள். கார்த்திகேசு கங்காணி காதில்கூட வாங்கவில்லை. "நீ போயி ஒட்டவைக்கப் போறியா? மரத்தப் பாரு" என்றார். கேட்காமல் போனால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். ஒற்றைக்காலோடு வருகிறவனை எந்த வாசலில் இறக்குவது?

பழைய துரைக்குத் தமிழ் தெரியும். அழுதால் அழுகை புரியும். அவர் சீமைக்குப் போய், புதிய துரை வந்து நாலு மாசம். தமிழ் இன்னும் ஏறவில்லை. அவர் சொன்னதெல்லாம் கங்காணி வாய் வழியாகத்தான் கீழே வந்தது. ஜனங்கள் சொன்னதில் கங்காணிக்குப் பிடித்தது மட்டும் மேலே போனது.

நவமணி அந்தத் துரை பங்களாவில் ஆயா. குழந்தை தூங்குகிற ஒரு மணி நேரத்தில் ஓடிவந்திருந்தாள்.

"கேளுக்கா. கேன்னா உன் ஒடம்புல தெம்பு இருக்குன்னு அர்த்தம். போக முடியும். அத நீ தொரைகிட்ட கேப்பியா? மஸ்ட்டுன்னா போயே ஆகணும். எனக்கு தொரசானியம்மா சொல்றது அதுதான், காலையிலேர்ந்து மஸ்ட்டு மஸ்ட்டு. வில்லுன்னா போவேன், என் இஷ்டம். மேன்னாதான் போலாமான்னு உத்தரவு கேக்குறது."

"உன்கிட்ட யாரு மே சொன்னா?"

"என்கிட்ட எவன் சொல்லுவான்! பாப்பாதான். சோத்து மேசைலேர்ந்து எறங்கணும்னாகூட மே ஐன்னு கேக்கணும். கேக்காம எறங்கினா முட்டில ஒரு தட்டு. நாலு வயசு, பாவம்."

முத்தம்மா யோசித்தாள். "போறதுங்கிறது ஒண்ணுதானே நவமணி. போணும், போலாம், போவேன்... நாம பின்னால ஒரு வால ஒட்டுறோம். அவுங்க என்னடான்னா முன்னால ஒரு ஆள நிறுத்துறாங்க."

"அதேதான்! அந்தச் சொல்லுக்குத் தனியா வேலையே கெடையாது. வேல செய்யிற சொல்லுக்கு முன்னால நின்னுக்கிட்டு..."

"கங்காணின்னு சொல்லு!"

"மெதுவா பேசுக்கா, காதுல விழப்போவுது!"

கிளம்பும்போது முத்தம்மா கேட்டாள்: "அவரு மாட்டேன்னா எப்படித் தெரியும்?"

"நோ, நாட்டுன்னு மூக்கால வரும். அது வரலைன்னா சரின்னு வச்சுக்க."

மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்றபோது ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை, அவ்வளவு பனி. பேர் கூப்பிட்டதும் பனிதான் "வந்தேன்" என்று பதில் சொன்னது போலிருந்தது. முத்தம்மா தன் மர நிரைக்குள் நுழைந்து முதல் மரத்துக்குக் கேன் என்று பேர் வைத்தாள். அடுத்தது மஸ்ட். அதற்கடுத்தது வில். பேர் வைத்துக்கொண்டே சீவினாள். பட்டை சுருள் சுருளாக விழுந்தது, பால் கோடு பிடித்து இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. பத்து மரம் போனதும் எந்தப் பேர் எந்த மரத்துக்கு என்பது கலைந்துவிட்டது. எல்லா மரமும் ஒரே குரலில் முணுமுணுத்தன. இரண்டு மரத்துக்கு நடுவில் மாயாண்டி இரண்டு காலோடும் நடந்து வந்தான். "இது என்ன மரம் புள்ள?" என்றான். "மே" என்றாள். "காய்க்குமா?" என்றான். பதில் சொல்லத் திரும்பினால் பனிதான் நின்றது. பனி கொஞ்சம் வெளுத்திருந்தது.

அப்போதுதான் பூட்ஸ் சத்தம் கேட்டது.

துரை வந்தால் அந்தத் தோட்டத்தில் யார் கையும் நிற்கக்கூடாது, யார் தலையும் நிமிரக்கூடாது. மரத்தைப் பார்த்தபடியே வேலை நடக்க வேண்டும். துரை கேட்பதைக் கங்காணியிடம் கேட்பார், பதிலும் கங்காணியே சொல்வார். சீவுகிறவளுக்கு முதுகுதான் முகம். கார்த்திகேசு இரண்டடி முன்னால் நடந்து வந்து, "நல்ல பால், தொரை" என்று என்னவோ மலாயும் இங்கிலீசுமாகச் சொன்னார்.

முத்தம்மா உளியை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை. கண்ணெதிரே இருந்த மரத்திடம்தான் சொன்னாள்.

"மே ஐ கோ பத்து காஜா ஆஸ்பிட்டல், பிளீஸ் சார். ஹஸ்பண்ட் லெக் கட். டுமாரோ."

பூட்ஸ் நின்றது. அடுத்த நிரையில் காளியம்மாவின் உளிச் சத்தமும் நின்றது. தோட்டம் முழுக்கப் பால் சொட்டுகிற சத்தம் மட்டும்.

துரை அவள் முதுகைப் பார்த்தார். நாலு மாசத்தில் தமிழ் ஏறாவிட்டாலும் தோட்டத்து வழக்கம் அவருக்கு ஏறியிருந்தது. அவளிடம் சொல்லாமல் கங்காணி பக்கம் திரும்பித்தான் பேசினார். ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடிய பேச்சில் முத்தம்மாவின் காலில் சில கற்கள் மட்டும் தட்டுப்பட்டன. ஷீ மே. டூ டேஸ். டெல் ஹெர். மூக்கால் ஏதாவது வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை.

துரை நிரையோரமாக நடந்தார். கார்த்திகேசு பின்னாலேயே போகாமல் நின்றார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டியா? பால் நெறையா எறங்குற நாளுல லீவு கெடையாதுன்னுட்டாரு. பெரிய எடத்துல வாயக் குடுத்தா இப்படித்தான். ஆளாளுக்கு நேரா கேட்டா நான் எதுக்கு இங்க? சீவு, சீவு."

முத்தம்மா கடைசிக் கோட்டை ஆழம் போகாமல் சீவி முடித்தாள். பால் வழிந்து இறங்கும்வரை பார்த்தாள். உளியைத் துடைத்து இடுப்பில் செருகினாள். பிறகு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, வேலை நேரத்தில் மரத்தைவிட்டுத் திரும்பி நின்றாள். கங்காணியின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததேயில்லை. மீசையில் பனி உட்கார்ந்திருந்தது. நிரையின் கோடியில், வாய்க்கால் ஓரமாக, துரையின் வெள்ளைத் தொப்பி இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணே, தொரை இன்னும் வாய்க்காலத் தாண்டல. ஷீ மே, டூ டேஸுன்னு அவரு உங்கள சொல்லச் சொன்னத நீங்களே என்கிட்ட சொல்றீங்களா, இல்ல நான் ஓடிப்போயி இன்னொரு தடவ கேட்டுட்டு வரட்டுமா?"