தூசி துடைக்காத ஸ்கேனர்

ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தை நிறம் மாறியிருந்தாள். முகம் கருப்பு. முடி வெள்ளை. புதிதாக முளைத்த இரண்டு பற்களும் கருப்பு.

மழை பெய்த காலை. ஃபிலிம் துண்டின் ஓரத்தைப் பிடித்து நானும் வேதாவும் மாறி மாறிப் பார்த்தோம். எள்ளளவு முகம். முகமெல்லாம் புள்ளி. எது தூசி, எது எங்கள் கயல்விழி, தெரியவில்லை.

படம் எடுத்த மூன்றாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் குழந்தை இல்லை. படத்தை வாங்க யாரும் போகவில்லை. முப்பத்தெட்டு வருடம் கழித்து, ஸ்டூடியோவை மூடுகிறபோது அவர்களே தேடி வந்து கொடுத்த நெகட்டிவ் இது.

குழந்தை போன அன்று நான் ஒன்று சொன்னேன். துக்கத்தில் சொன்னது என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன்.

"பொட்டு வெக்காம ஸ்டூடியோவுக்குத் தூக்கிட்டுப் போனே. கண்ணு பட்டிருச்சு."

வைத்தேன் என்றாள் வேதா. ஒரே ஒரு தடவை. அப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தோடுதான் என்னோடு குடும்பம் நடத்தினாள்.

பிரிண்ட் போட ஃபிலிமை யார் கையிலும் விட்டுவர அவளுக்கு மனமில்லை. ஸ்கேனரே வாங்கிவிடலாம் என்றாள். மழையோடு மழையாக சாதிக் பாயின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம்.

முதல் ஸ்கேனரில் படம் வெறும் இருட்டாக வந்தது.

"இது பேப்பருக்கும்மா. ஃபிலிமுக்கு மூடியிலயும் லைட் வேணும். வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரணும்."

இரண்டாவதன் மூடியில் வெளிச்சம் இருந்தது. தூசி, கீறல் எல்லாவற்றையும் அதுவே துடைத்துவிடும் என்றார். ஒளிக்கோடு நகர்ந்தது. மெல்ல. மெல்ல.

வந்துவிட்டாள். கருகருவென்று முடி, வெள்ளைப் பல் இரண்டு, சிரிக்கப்போகிற வாய். கன்னம் மாசு மறுவில்லாமல் இருந்தது.

வேதா அந்தக் கன்னத்தையே பார்த்தாள்.

"அப்ப நான் வெக்கலதான்."



"என்ன வெக்கலம்மா?" என்றார் சாதிக் பாய்.

"திருஷ்டிப் பொட்டு."

அவர் திரையைப் பார்த்தார். வேதாவைப் பார்த்தார். "இது மச்சத்தையே தூசின்னு எடுத்துரும்மா. கொஞ்சம் இருங்க."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்றாவதை இறக்கினார். பழைய மாடல். மூடியில் வெளிச்சம் உண்டு. துடைக்கத் தெரியாது.

மறுபடி ஒளிக்கோடு. மெல்ல. மெல்ல. வேதா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது.

படம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தூசி. நெற்றிக்குக் குறுக்கே ஒரு கீறல்.

இடது கன்னத்தில் கருப்பாகப் பொட்டு. நல்ல பெரிய பொட்டு. ஓரத்தில் லேசாக ஈஷியிருந்தது. குழந்தை முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும்.

"இதுல தூசி அப்படியே நிக்கும்மா," என்றார் சாதிக் பாய்.

"நிக்கட்டும். இதையே குடுங்க பாய்," என்றாள் வேதா.

"வெச்சிருக்கே, வேதா. நான்தான் பாவி, அப்படிச் சொல்லிட்டேன்," என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"வெச்சும் போயிட்டாளே," என்றாள்.

பிறகு அழுதாள். வாய்விட்டு, கடை என்றும் பாராமல். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, கயல்விழிக்காக மட்டும் அழுதாள்.