காலிப்பெட்டிக்காரர்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ‘ஏலக்காரி’ என்றுதான் சொல்வார்கள். பழைய சாமான்களை மொத்தமாக வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, படம் எடுத்து, இணைய ஏலத்தில் விடுவது அவள் தொழில். கட்டி அனுப்புவது அண்ணன் பொறுப்பு. முட்டி தேய்ந்து லாரி ஓட்டுவதை விட்ட பிறகு அவர் அட்டைப்பெட்டியும் பசை நாடாவுமாகத் தங்கை வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆரம்பத்தில் இருவரும் நிறையச் சூடுபட்டார்கள். ஒருத்தி விருந்துக்குப் போட்டுக்கொள்வதற்காகவே ஒரு மேலங்கியை ஏலத்தில் எடுத்து, விருந்து முடிந்ததும் ‘அளவு சரியில்லை’ என்று திருப்பி அனுப்பினாள். காலரில் முகப்பவுடர் அப்படியே இருந்தது. இன்னொரு ஆள் நன்றாக வேலை செய்த இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, தன் வீட்டில் செத்துக் கிடந்ததை அனுப்பி வைத்தான். அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “பெத்த பிள்ளையை நமக்கு அடையாளம் தெரியாதாம்மா?” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பாள். கட்டுவதையும் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வாள்.

அவ்வளவு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தும் காலிப்பெட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு பழைய சாமான் வியாபாரி யாரோ ஒரு பெண்ணின் அறைச் சாமான்களை மூட்டையும் பெட்டியுமாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். “வீட்டுக்காரரே தூக்கிக் கொடுத்துட்டாரும்மா. அந்தம்மா போயிட்டாங்களாம்” என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தத் தொழிலில் பாதிச் சரக்கு போனவர்களுடையதுதான். மாதக்கணக்கில் மூலையில் கிடந்ததை ஒருவழியாகப் பிரித்து, முதலில் மரக்கைப்பிடி போட்ட கைக்கண்ணாடி ஒன்றை ஏலத்தில் விட்டாள்.

எடுத்தவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். பெட்டி போய்ச் சேர்ந்த அன்றே புகார் வந்தது: ‘பெட்டி காலியாக இருந்தது.’ கூடவே ஒரு படம். அவள் கசக்கி அடைத்த செய்தித்தாள் அப்படியே இருந்தது. அதன் நடுவில் கைக்கண்ணாடியின் வடிவத்திலேயே ஒரு பள்ளம்.

“திருட்டிலயும் ஒரு நேர்த்தி வேணும்பான் போல” என்றார் அண்ணன்.

ஏலத் தளத்துக்கு வாங்குகிறவர் வாக்கு வேதவாக்கு. பணம் திரும்பிப் போனது. அடுத்து விட்ட தையல் பெட்டியையும் அதே ஆள்தான் எடுத்தார். அதுவும் ‘காலி’. மேசை விளக்கைக் கட்டும்போது தொடக்கம் முதல் கடைசிவரை படம் பிடித்து, நாடாவுக்கு மேல் குறுக்காகத் தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பினாள். அதற்கும் காலிப்பெட்டியின் படம் வந்தது. செய்தித்தாளில் விளக்கின் குடை இருந்த இடம் தனியாக, தண்டு இருந்த இடம் தனியாகக் குழிந்திருந்தது.

அந்த ஆள் வேறு எதையும் ஏலம் கேட்பதில்லை, அந்த ஒரு மூட்டைச் சாமான்களை மட்டும்தான் கேட்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இனிமே ஏலமே கேட்க முடியாதபடி ஆளைத் தடுத்து வைம்மா” என்றார் அண்ணன்.

“தடுத்தா வேற பேர்ல வருவான். அடுத்ததை நாமளே கொண்டுபோய்க் கொடுப்போம். நம்ம கண்ணு முன்னாடி பிரிக்கட்டும். அப்புறம் காதுல பூ சுத்தட்டும் பார்க்கலாம்.”

அடுத்தது மேசைக் கடிகாரம். எதிர்பார்த்தபடி அவரே எடுத்தார். ஓடவில்லை என்று ஒரு சாக்கு சொல்லக் கூடாதென்று அண்ணன் அதற்கு முழுச்சாவி கொடுத்தார். நேரத்தைத் திருப்பி வைக்கவில்லை, அது ஏதோ தப்பான நேரத்தைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது. பேருந்தில் போகும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது. அட்டையைத் தாண்டி அந்த டிக்டிக் அவள் வயிற்றில் கேட்டது.

கதவைத் திறந்தவர் வயதானவர். வெளுத்த சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். யாரென்று சொன்னதும் அவர் பதறவில்லை. “உள்ள வாங்க, உட்காருங்க” என்றார். கூடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சுவரோரம் அவள் அனுப்பிய மூன்று பெட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

அண்ணன் உட்காரவில்லை. “பெட்டியை எங்க முன்னாடியே பிரிங்க சார்.”

“பிரிச்சா உங்களுக்குத்தாங்க கஷ்டம்.”

“எங்க கஷ்டத்தை நாங்க பார்த்துக்கறோம்.”

பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். டிக்டிக் மூன்று பேருக்கும் கேட்டது. நாடாவின் மேல் தன் கையெழுத்து முறியாமல் இருப்பதை அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பெரியவர் சமையலறையிலிருந்து கத்தி கொண்டுவந்து நாடாவைக் கீறினார். கிழிபடும் சத்தத்தில் டிக்டிக் கேட்கவில்லை. கிழித்து முடித்த பிறகும் கேட்கவில்லை.

மூடியைத் திறந்தார். கசங்கிய செய்தித்தாள். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம்.

அண்ணன் கையை விட்டு அடிவரை துழாவினார். தாளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போது உள்ளறையிலிருந்து, சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து, அந்தக் கடிகாரத்தின் டிக்டிக் கேட்க ஆரம்பித்தது.

பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடங்கிய குரலில் பேசினார்.

“முதல் தடவை நீங்கதான் என்னை ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சேங்க. சாமி சத்தியமா. மூணாவது தடவை, விளக்கு வந்த அன்னிக்கு, அந்தக் கதவுக்கடியில வெளிச்சம் தெரிஞ்சுது. அப்புறம்தான் புரிஞ்சுது.”

“புரிஞ்சப்புறமும் ஏன் புகார் கொடுத்தீங்க?” அவளுக்குப் பயத்தையும் மீறிக் கோபம் வந்தது.

“பெட்டி காலியாத்தானேம்மா இருந்தது.”

“சாமான் உங்க வீட்டுக்குள்ளதானே இருக்கு!”

“என்கிட்ட இல்லம்மா. அவகிட்ட இருக்கு.”

“நான் பார்க்கணும்” என்றாள் அவள். பெரியவர் கதவைக் காட்டினார். “போய்ப் பாருங்க. சாமான் தூக்க வந்தவங்க போனதுலேர்ந்து நான் அந்த அறைக்குள்ள காலே வைக்கல.”

கதவு தாழிடாமல்தான் இருந்தது. தள்ளினாள். அங்கிருந்த மேசைமேல் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் கைக்கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. தையல் பெட்டி திறந்திருந்தது, ஊசியில் நூல் கோத்திருந்தது. பக்கத்தில் கடிகாரம். எடுத்துத் திருப்பினாள். அடியில் அவளுடைய பச்சைப் புள்ளி. முகப்பைப் பார்த்தாள். நேரம் சரியாக இருந்தது, அவள் கைப்பேசி காட்டிய அதே நேரம். கடிகாரத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் தரையைக் கவனித்தாள். அறை முழுக்க மாவு கொட்டியது போலத் தூசி. வாசலிலிருந்து மேசைவரை அவள் வைத்த காலடிகள் மட்டும் இருந்தன. வேறு தடமே இல்லை.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பார்த்தீங்களா அவளை?” பெரியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவர் அவர்களை உள்ளே விட்டார் போலிருந்தது.

“இல்லைங்க. விளக்கு எரியுது. வேற யாரும் இல்ல.” கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: “உங்க வீட்டம்மா எப்படித் தவறினாங்க?”

“தவறிட்டான்னு யார் சொன்னது?”

“வியாபாரிதான்... போயிட்டாங்கன்னு...”

“போயிட்டான்னுதாம்மா சொன்னேன். செத்துட்டான்னா சொன்னேன்? ஒருநாள் சொல்லாம கொள்ளாம போயிட்டா. உடுத்தின துணியோட. எங்க இருக்கா, இருக்காளா இல்லையா, எதுவும் தெரியாது. தேடாத இடமில்ல. கோபம் தாங்காம அவ சாமானை எல்லாம் தூக்கிக் கொடுத்தேன். அப்புறம் ஒருநாள் உங்க ஏலத்துல அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் மனசு கேட்கல.” சாத்தாமல் விட்ட கதவின் பக்கம் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சண்டை போட்டா அவ என் கையால எதையும் வாங்க மாட்டா. மேசைமேல வச்சுட்டுப் போகணும். நான் பார்க்காதப்ப எடுத்துக்குவா. கூடவே இருந்தப்பவும் அப்படித்தான்.”

திரும்பும்போது பேருந்தில் அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

“மிச்சம் இருக்கறதை ஏலத்துல விடாதம்மா. கட்டி அனுப்பிடுவோம். காசு வேணாம்.”

“ஆமாண்ணே. நம்ம வீட்ல அது இருக்கவே வேணாம்.”

மறுநாளே மூட்டையில் மிஞ்சியதை எல்லாம் பெரிய பெட்டி ஒன்றில் கட்டினார்கள். ஒரு கம்பளிச் சட்டை, சீப்புகள், செருப்பு, இரண்டு தலையணை உறை. படம் பிடிக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. கூரியர் பையன் தூக்கிக்கொண்டு படியிறங்கிய பிறகு அவள் பின்னறையைப் பெருக்கி, சன்னலைத் திறந்துவிட்டாள். அன்று இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. புகார் எதுவும் வரவில்லை. தொல்லை விட்டதென்று நினைத்திருந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. அவள் அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள்.

‘பெட்டியைப் பிரித்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. நாள் முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. விளக்கும் அணைந்துவிட்டது. அன்றைக்கு உங்களோடு வந்துவிட்டாளா?’

அண்ணன் நாடாவைக் கீழே வைத்தார். “வரலைன்னு எழுதும்மா.”

“எப்படிண்ணே தெரியும்?”

அவள் எழுந்து கூடத்தைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். பின்னறையில் அடுத்த ஏலத்துக்காக வைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அவள் வைத்த இடத்தில்தான் இருந்தன என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, ‘இங்கே வரவில்லை ஐயா’ என்று எழுதி அனுப்பினாள்.

எழுதும்போது, வீட்டுக்குள் யாருக்கோ கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறவள் போல விரல்களை மெல்ல மெல்ல வைத்துத் தட்டினாள். அண்ணன் அதைப் பார்த்தார். நாடாவைச் சத்தம் வராமல் கையில் எடுத்துக்கொண்டார்.