நகர்ந்து வந்த ஓட்டல்

எங்கள் கடற்கரை ஓட்டலுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே கேட்பார்கள்: "பேரு மட்டும் கடற்கரை ஓட்டல். கடல் என்னங்க அவ்வளவு தூரத்துல இருக்கு?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலைத் தேடிப் போய் ஓட்டல் கட்டினவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கட்டின ஓட்டலைக் கடல் வாயிலிருந்து முழுசாக இழுத்துக்கொண்டு வந்தவள் எங்கள் தாத்தாவின் பெரியத்தை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்கள் அவை. மூன்று மாடி, முழுக்க மரம். பெரியத்தையின் கணவர் கட்டியது. அவர் போன பிறகு அவள்தான் நடத்தினாள். கடலோ மணலை அரித்து அரித்து வராந்தாப் படிவரை வந்துவிட்டது. கொழுந்தனுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

"பிரிச்சு மரத்தையாவது வித்துடலாம் அண்ணி. கடல்கிட்ட வீம்பு செல்லுமா?"

"பிரிக்க விடமாட்டேன் தம்பி. அப்படியே நகர்த்திட்டுப் போறேன்."

ஊரே வாய்விட்டுச் சிரித்தது. அவள் அசரவில்லை. ரயில்வே இன்ஜினியர் ஒருவரைப் பிடித்தாள். கட்டடத்துக்கு அடியில் தண்டவாளம் போட்டு, சக்கரங்கள்மேல் ஏற்றி, ரயில் இன்ஜின்களைப் பூட்டி இழுப்பதாக ஏற்பாடு. ஒரே ஒரு உத்தரம் விரிசல் விட்டாலும் பிரித்து விற்கச் சம்மதம் என்று கொழுந்தனுக்கு வாக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சரியாகத் தூங்கவில்லை, அது வேறு விஷயம்.

குறித்த நாளன்று இன்ஜின்கள் புகை கக்கி இழுத்தன. கட்டடம் முனகியது, அசையவில்லை. மறுபடி இழுத்தன. மேல்மாடியில் ஒரு ஜன்னல் கண்ணாடி தெறித்து விழுந்தது.

"இன்னும் ஒரு தடவை இழுத்தா விறகுதான்" என்றார் கொழுந்தன்.

பெரியத்தை கடல் பக்கம் திரும்பினாள். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! நான்ல கட்டிப் போட்டிருக்கேன்!"

புயல் காலம் வந்தால் ஓட்டலை இரும்புச் சங்கிலியால் கடல் பக்கத்தில் அறைந்த கட்டைகளோடு பிணைப்பது அவர்கள் வழக்கம். அந்த வருடம் பயத்தில் முன்கூட்டியே பிணைக்கச் சொல்லியிருந்தாள். கட்டைகளும் சங்கிலிகளும் மணலுக்குள் புதைந்து கிடந்தன. இன்ஜினியருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்ற ஓட்டல் காவல்காரருக்குத் தெரியும்; பிணைத்ததே அவர்தான்.

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று பாய்ந்தாள்.

"நீங்கதானேம்மா, என்ன ஆனாலும் சங்கிலியில யாரும் கை வைக்கக் கூடாதுன்னீங்க."

மண்வெட்டியை வாங்கி அவளே மணலைத் தோண்டினாள். கொல்லர் வந்து சங்கிலிகளை வெட்டினார். அடுத்த இழுப்பில் ஓட்டல் நகர்ந்தது. ஆமாம், மூன்று மாடியும், சாப்பாட்டுக் கூடத்து அலமாரியும், அலமாரிக்குள் கண்ணாடி டம்ளர்களும் அப்படியே நகர்ந்தன. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் நெஞ்சு நிமிரும்.

புது இடத்தில் நின்றதும் கொழுந்தன் ஒவ்வொரு உத்தரமாகத் தட்டிப் பார்த்தார். மாடி மாடியாக ஏறி விரிசல் தேடினார். ஒன்றுகூட இல்லை. கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு டீ குடுங்க அண்ணி."

"பொறுங்க தம்பி. அடுப்பு இப்பத்தான் வந்து சேர்ந்துது."

அவர் சிரிக்கவில்லை. "நான் இதை வெறும் மரமாத்தான் பார்த்தேன்" என்றார், குனிந்த தலையோடு.

வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. பெட்டியோடு ஒரு குடும்பம் இறங்கியது. பெரியத்தை வாசலுக்குப் போவதற்குள் கொழுந்தன் எழுந்துவிட்டார். அதுவரை அந்த ஓட்டலில் ஒரு துரும்பையும் தூக்கியிராத மனிதர், பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "வாங்க, நம்ம ஓட்டல்தான்" என்று படியேறினார்.